ஒத்திகை

காலை ஒன்பது பத்துக்குச் சங்கு ஊதியது.
மூன்று நாளாக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச்
சொல்லிக்கொண்டுதான் திரிந்தார்கள்:
ஆழிப்பேரலை ஒத்திகை, யாரும் பயப்பட வேண்டாம்.
வீரநகர் அரியமலர் அந்த மூன்று நாளும்
மூதூரில், மகள் வீட்டில் நின்றவ.

ஒன்பது ஐம்பதுக்கு
என் கட்டிலில் கிடத்தினார்கள்.
புறங்கையில் இன்னும் மீன் செதில்.
குளிர்ந்த களியைத் தடவி
கருவியை விலா இடுக்கில் வைத்தேன்.
திரையில்
இதயத்தின் மேற்பாதி அடித்துக்கொண்டிருந்தது.
நுனி அசையவில்லை.
கழுத்து ஒடுங்கி வயிறு பருத்த குடுவை.

டொக்டர் பார்த்துவிட்டு,
ஜப்பானில் எட்டுக்கால் கணவாய் பிடிக்கும்
பானையின் பெயரைச் சொன்னார்.
எங்கள் ஆட்கள் பானை வைப்பதில்லை.
கம்பியோடு மூழ்குவார்கள்.
அரியமலரின் புருஷன் கேட்டால் சிரிப்பார்.
சிரித்திருப்பார்.

சங்கின் முதல் மூச்சுக்கும் இரண்டாம் மூச்சுக்கும் இடையில்
நரம்பு நுனிகள் திறந்துகொண்டன.
சிறுநீரகத்தின் தலைமேல் குந்தியிருக்கும் சுரப்பி
சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டியது.
அதிரினலின்
ஒவ்வொரு கலத்தின் சுவரிலும் போய்த் தட்டியது.

கலம்.
உயிரியல் பரீட்சையில் அப்படித்தான் எழுதினோம்.
துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்பதும் கலம்.
அன்று நான் இரண்டையும் குழப்பியதில்லை.

தட்டியதும் உள்ளே செய்தி கைமாறுகிறது.
ஒரு மூலக்கூறு இன்னொன்றின் முதுகில்
அடையாளம் ஒட்டிவிட, அது அடுத்ததன் முதுகில்.
சுவரின் வாசல்கள் வழக்கத்தைவிட அகலத் திறக்கின்றன.
கல்சியம் புகுகிறது, கொஞ்சம்தான்.
அந்தக் கொஞ்சத்தைக் கண்டு
உள்ளே இருக்கிற களஞ்சியம்
தன்னிடமுள்ளதை அவிழ்த்துவிடுகிறது.
இழையை இழை பற்றி இழுக்கிறது
கரைவலை இழுக்கிற மாதிரி,
அம்பா பாட நேரமில்லாமல்.
இழைமணிகள் எரிகின்றன.
இழுத்தால் போதாது, விடவும் வேண்டும்.
அவிழ்த்த கல்சியம் அத்தனையையும்
அடுத்த துடிப்புக்கு முன் திருப்பி ஏற்ற வேண்டும்.
நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டுத் தடவை.

ஓடுவதற்கான ஏற்பாடு இது.
அவ ஓடவில்லை.
செதில் வழித்த கத்தியோடு
முற்றத்தில் நின்றபடி நின்றா.

ஓடாத உடம்பில் மிஞ்சியது நுனிக்கு வந்தது.
பூட்டுகள் நுனியில்தான் அதிகமாம்.
அளவு மீறினால் அதே சாவி
எதிர்ப்பக்கம் திரும்புமாம்:
இழுக்காதே, சாவதைவிட வேலைநிறுத்தம் மேல்.
இது ஒரு விளக்கம்தான், முடிவில்லை என்றும்
டொக்டர் சொன்னார்.
மூன்று நாலு கிழமையில்
பெரும்பாலும் பழைய வடிவுக்கு வந்துவிடும்.

"பயப்பிடாதேங்கோ அக்கா, அது ஒத்திகைதான்."

"தெரியும் பிள்ளை.
முற்றத்தில நிக்கேக்கையே
பக்கத்து வீட்டுப் பொடியன் சொல்லிப்போட்டான்.
ஆனா அது நிக்கேல்ல."

அது என்று தூக்கிய கை
நெஞ்சுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்றது.
ஜன்னலுக்கு அப்பால் கடல்.

தோல் மாறும். குருதி மாறும்.
இதயக் கலங்கள் லேசில் புதிதாவதில்லை,
வருடத்துக்கு நூற்றில் ஒன்றுகூட.
இன்று காலை இழுத்தவற்றில் முக்கால்வாசி
அந்த மார்கழி ஞாயிறும் இழுத்தவை.
அவற்றிடம் போய்
ஒத்திகை என்று எந்த ஒலிபெருக்கியில் சொல்வது?

அறிக்கையில் அதை எழுத இடமில்லை.
நுனி அசைவின்மை என்று மட்டும் எழுதிக்
கையெழுத்து வைத்தேன்.

பகல் சாப்பாட்டுக்குக் கோட்டை வாசல் பக்கம் போனேன்.
மரநிழலில் மான்கள்.
சங்குக்கு இவையும் தலை தூக்கியிருக்கும்,
பிறகு குனிந்து மேய்ந்திருக்கும்.
ஒன்று வந்து
என் சோற்றுப் பொதியின் தாளை மென்றது.

பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று
புகைக்குழாயில் வெடித்தது.
அதுவும் நானும்
ஒரே நேரத்தில் திரும்பினோம்.